நடைமுறைவாதம்: சமரசத்தின் மறுபெயரா, பொறுப்பின் மறுபெயரா?

நேற்றுவரை எதிர்த்த கட்சியோடு இன்று கைகோக்கும் அரசியல் தலைவரிடம் காரணம் கேட்டால், அவர் வாயில் ஒரு சொல் தயாராக இருக்கும்: ‘நடைமுறை யதார்த்தம்’. கொள்கைக்கு விடைகொடுக்கும் தருணங்களில் எல்லாம் துணைக்கு அழைக்கப்படும் சொல் அது. ஆகவே, நடைமுறைவாதம் என்ற பெயரில் ஒரு தத்துவமே இருக்கிறது என்று கேள்விப்படுகிறவர்கள், சந்தர்ப்பவாதத்துக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடை அது என்று எண்ணினால் வியப்பில்லை. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு மாணவனின் கேள்வி. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பாடம் முடிந்த ஒரு பிற்பகலில் அவன் எழுந்து, “இது சரியென்று நமக்கு எப்படித் தெரியும், ஐயா?” என்று கேட்டான். “பாடநூலில் இருக்கிறது” என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். கேட்பதில் பயனில்லை என்று அறிந்துகொண்டவனைப் போல அவன் அமர்ந்த விதம், பல ஆண்டுகள் கழிந்தும் என்னை உறுத்துகிறது. அவனுக்கு நான் தந்திருக்க வேண்டிய பதிலைத் தேடிப் போனபோதுதான், அமெரிக்காவில் பிறந்த இந்தத் தத்துவத்தை முறையாகப் படிக்க நேர்ந்தது.

போர் தந்த பாடம்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடிமை முறை ஒழிந்தது. ஆனால், உயிர் பிழைத்து வந்த தலைமுறையின் மனத்தில் ஒரு கேள்வி எஞ்சியது: தம் பக்கமே உண்மை இருக்கிறது என்று இரு தரப்பும் ஐயமின்றி நம்பியதன் விலையா இது? மூன்று முறை குண்டடிபட்டுத் திரும்பிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பின்னாளில் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். ஐயத்துக்கே இடந்தராத உறுதி வன்முறையில் முடியும் என்பதே அவர் போர்க்களத்தில் கற்ற பாடம் என்கிறார் வரலாற்றாசிரியர் லூயி மெனண்ட்.

1870களின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சில இளைஞர்கள் கூடி விவாதித்தார்கள். ஹோம்ஸ், உளவியலாளராகவும் தத்துவவாதியாகவும் பின்னர் புகழ்பெற்ற வில்லியம் ஜேம்ஸ், அளவைத் துறையில் பணியாற்றிய தர்க்கவியல் மேதை சார்லஸ் பியர்ஸ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். தங்கள் குழுவுக்கு அவர்கள் ‘மெட்டாஃபிஸிக்கல் கிளப்’ என்று சற்றே கேலியாகப் பெயரிட்டிருந்தனர். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்து, மாறாதவை என்று கருதப்பட்டவை அனைத்தையும் அசைத்திருந்த காலம் அது. உலகமே மாறிக்கொண்டிருக்கிறது என்றால், நம் கருத்துகள் மட்டும் மாறாமல் நிற்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? அந்த விவாதங்களின் அடியோட்டம் இதுவே.

பியர்ஸ் 1877இலும் 1878இலும் எழுதிய இரு கட்டுரைகளே நடைமுறைவாதத்தின் வித்து. நம்பிக்கை என்பது தலைக்குள் பூட்டிவைக்கப்பட்ட ஒரு படம் அன்று. அது செயலுக்கான ஆயத்தம் என்றார் அவர். பாலம் தாங்கும் என்று ஒருவர் நம்புகிறார் என்பதற்கு, அதன்மேல் நடக்க அவர் ஆயத்தமாக இருக்கிறார் என்பதே பொருள். அதேபோல, ஒரு கருத்தின் பொருளை அறிய, அது மெய்யாக இருந்தால் நம் அனுபவத்தில் என்ன வேறுபாடு நேரும் என்று கேட்க வேண்டும். வைரம் கடினமானது என்றால், வேறு பல பொருள்களால் அதில் கீறல் விழாது என்பதே அதன் பொருள். எந்த வேறுபாட்டையும் உண்டாக்காத வாக்கியம், எவ்வளவு கம்பீரமாக ஒலித்தாலும் வெறும் ஓசைதான்.

மனிதர்கள் தம் நம்பிக்கைகளை நிலைநிறுத்திக்கொள்ளும் வழிகளையும் பியர்ஸ் நான்காகப் பிரித்தார். பிடித்ததை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வது முதல் வழி. அதிகாரம் சொன்னதை ஏற்பது இரண்டாவது. அறிவுக்கு உகந்ததாகத் தோன்றுவதை ஏற்பது மூன்றாவது. உலகின்மீது சோதித்துப் பார்ப்பது நான்காவது. முதல் மூன்றும் எங்கே தவறினோம் என்று நமக்குக் காட்டுவதில்லை. நான்காவதில் மட்டுமே பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதைப் படித்தபோது, என் மாணவனுக்கு நான் தந்த பதில் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது.

அணிலும் மரமும்

இந்தச் சிந்தனையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் ஜேம்ஸ். 1906–07இல் அவர் ஆற்றிய உரைகள் ‘பிராக்மாட்டிசம்’ என்ற நூலாக 1907இல் வெளிவந்தன. அதில் ஒரு கதை வருகிறது. மரத்தண்டின் ஒருபுறம் ஓர் அணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபுறம் ஒரு மனிதர். அவர் மரத்தைச் சுற்ற, அணிலும் தண்டோடு தண்டாக அதே வேகத்தில் நகர்ந்து எப்போதும் எதிர்ப்புறத்திலேயே மறைந்துகொள்கிறது. அவர் மரத்தைச் சுற்றினார் என்பதில் ஐயமில்லை. அணிலைச் சுற்றினாரா? சுற்றுலா சென்ற நண்பர்கள் இரு பிரிவாகி வாதாடுகிறார்கள். ஜேம்ஸ் வந்து, ‘சுற்றுதல்’ என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்கிறார். அணிலுக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு திசையிலும் இருந்தார் என்பது பொருளானால், சுற்றினார். அணிலின் முன்புறம், வலப்புறம், பின்புறம், இடப்புறம் என்று மாறி நின்றார் என்பது பொருளானால், சுற்றவில்லை. வழக்கு முடிந்தது.

விளையாட்டாகத் தோன்றும் இக்கதைக்குள் ஒரு கூர்மையான கருவி இருக்கிறது. நம் விவாதங்கள் பலவற்றில், இரு தரப்பும் ஒரே சொல்லை இரு பொருளில் ஆண்டுகொண்டு தொண்டை வற்றக் கத்துகின்றன. ‘வளர்ச்சி’, ‘தகுதி’, ‘பண்பாடு’ ஆகிய சொற்களைப் பற்றிய வாதங்களில், “நீங்கள் சொல்வது சரியானால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறும்?” என்று ஒருவர் கேட்டால், பாதிச் சண்டைகள் அங்கேயே அடங்கும். மீதிப் பாதியில், உண்மையில் எதற்காகச் சண்டையிடுகிறோம் என்பதாவது தெரியவரும்.

ஆனால், ஜேம்ஸ் ஒரு படி மேலே சென்று, நம் அனுபவத்தில் நம்மைச் செம்மையாக வழிநடத்தும் கருத்தே உண்மை என்ற அளவுக்குப் பேசினார். கருத்துகளின் ‘ரொக்க மதிப்பு’ என்ற அவருடைய உவமையும் பகைவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதைக் கடுமையாகப் பகடி செய்தார்: கிறிஸ்துமஸ் தாத்தா இருக்கிறார் என்ற நம்பிக்கைகூட மிக நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதற்காக அவர் இருக்கிறார் என்று ஆகிவிடுமா? நியாயமான கேள்வி. பியர்ஸே தம் குழந்தை திரிந்துபோனதாகக் கருதி, 1905இல் தம் கோட்பாட்டுக்கு யாரும் களவாட விரும்பாத அளவுக்கு விகாரமான ‘பிராக்மாட்டிசிசம்’ என்ற புதுப்பெயரைச் சூட்டினார். உண்மை என்பது எனக்கு இனிப்பது அன்று. தொடர்ந்து விசாரிக்கும் ஒரு சமூகத்தின் சோதனைகளைத் தாண்டி நிற்பது. நடைமுறைவாதத்தை இந்தப் பொருளில் கொண்டால்தான், சந்தர்ப்பவாதிகள் அதை நிழலாகக்கூடப் பயன்படுத்த முடியாது.

விதியும் நெறியும்

இந்த அணுகுமுறையை அறம், கல்வி, ஜனநாயகம் மூன்றுக்கும் விரித்தவர் ஜான் டூயி (1859–1952). 1894இல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது, நகரம் புல்மேன் வேலைநிறுத்தத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ரயில்பெட்டி செய்யும் அந்த நிறுவனம் தொழிலாளர்களுக்காகவே ஒரு நகரைக் கட்டியிருந்தது. நெருக்கடி வந்தபோது கூலியைக் குறைத்தது. தன் வீடுகளுக்கான வாடகையை மட்டும் குறைக்கவில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மேனோ, தாம் தொழிலாளர்களின் புரவலர் என்று மனதார நம்பினார்.

அதே நகரில், ஏழைக் குடியேறிகளின் நடுவே 1889 முதல் ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தை நடத்திவந்தவர் ஜேன் ஆடம்ஸ். புல்மேனை ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனோடு ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். மக்களுக்காக நன்மை செய்வதும் மக்களோடு சேர்ந்து நன்மை செய்வதும் ஒன்றல்ல என்பது அதன் சாரம். அந்த வேறுபாட்டை அவர் ஏட்டில் மட்டும் எழுதிவைக்கவில்லை. தம் பகுதியில் குப்பை அள்ளப்படாததைக் கண்டு, 1895இல் குப்பை ஆய்வாளர் பதவியை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னால் சென்றார். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவரிடமிருந்து தாம் கற்றதை டூயி மறைத்ததில்லை.

இந்த அனுபவங்களிலிருந்து எழுந்த அறவியலின் மையத்தில், விதிக்கும் நெறிக்கும் இடையிலான வேறுபாடு நிற்கிறது. விதி, இன்னதைச் செய் என்று ஆணையிடும். நெறி, இன்ன கோணத்திலிருந்து எண்ணிப் பார் என்று வழிகாட்டும். விதிக்குக் கீழ்ப்படிந்தவர் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. “அப்படித்தான் சொல்லியிருக்கிறது” என்று கைகழுவிவிடலாம். நெறியைக் கையாள்கிறவருக்கு அந்த வசதி இல்லை. முடிவு அவருடையது, அதன் விளைவும் அவருடையது. ஓர் அலுவலகச் சாளரத்தின் முன்னால் நின்று, ‘விதியில் இடமில்லை’ என்ற பதிலோடு திரும்பிய எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நடைமுறைவாதம் அறத்தைத் தளர்த்துகிறது என்று குற்றம்சாட்டுகிறார்கள். என் கணிப்பில், அறத்தின் சுமையை நூலிலிருந்து எடுத்து மனிதரின் தோளில் அது ஏற்றிவைக்கிறது.

கேட்பதற்கான மேசைகள்

1896 ஜனவரியில், 16 மாணவர்கள், 2 ஆசிரியர்களுடன் டூயி சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு மேசைகள் தேடிக் கடைகடையாக அலைந்த அனுபவத்தை அவர் எழுதியிருக்கிறார். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், மற்றவர்களைவிட அறிவுக்கூர்மை மிக்கவர், சிக்கலை உடைத்துச் சொன்னார்: நீங்கள் கேட்பது குழந்தைகள் வேலை செய்வதற்கான மேசை; எங்களிடம் இருப்பவையெல்லாம் பாடம் கேட்பதற்கானவை. ஒரு கல்விமுறையின் மொத்த வரலாறும் அந்த மரச்சாமான்களுக்குள் இருந்தது.

அந்தப் பள்ளியில் குழந்தைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். தொழில் கற்பது நோக்கமன்று. கம்பளியையும் பஞ்சையும் கையில் கொடுத்தபோது, காயிலும் விதையிலும் ஒட்டிய பஞ்சைப் பிரிக்க அரை மணி நேரம் போராடி, ஓர் அவுன்ஸ்கூடச் சேர்க்க முடியாமல் போனார்கள். பருத்தி நூற்பைவிடக் கம்பளி நெசவு ஏன் முந்தியது, விதை நீக்கும் இயந்திரம் வந்ததும் உலகம் ஏன் மாறியது என்பனவற்றை அவர்கள் விரல்களின் வழியே கற்றார்கள். வரலாறும் இயற்பியலும் பொருளாதாரமும் அங்கே ஒரே பாடமாயின.

இதைப் பிழையாகப் புரிந்துகொண்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடுவதே முற்போக்குக் கல்வி என்று கருதிய பள்ளிகளை, 1938இல் எழுதிய ‘அனுபவமும் கல்வியும்’ நூலில் டூயியே கண்டித்தார். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது. மேலும் அனுபவிக்கும் ஆற்றலை வளர்க்கும் அனுபவமே கல்வி. அதைத் திட்டமிட, மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியரைவிடக் கூடுதலாகப் படித்த, கூடுதலாக உழைக்கும் ஆசிரியர் தேவை. அறுபது மாணவர்கள் அமர்ந்த வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: டூயியைச் செயற்படுத்துவது மலிவான காரியமன்று. செயல்வழிக் கல்வி என்ற பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு, ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுகிறவர்கள் அவரை ஏமாற்றவில்லை, குழந்தைகளை ஏமாற்றுகிறார்கள்.

செருப்பு கடிக்கும் இடம்

1920களில், பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் ஜனநாயகத்தின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தினார். நவீன உலகம் மிகச் சிக்கலானது; சாதாரணக் குடிமகனுக்கு அதை அறிய நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை; அவன் தலைக்குள் இருப்பவை பிறர் வரைந்த படங்களே. எனவே வல்லுநர்களிடம் விட்டுவிடுவதே மேல் என்பது அவர் வாதம். இன்று தொலைபேசித் திரையில் பொய்ச்செய்தி வெள்ளமாகப் பாயும்போது, அவ்வாதம் நம்மில் பலருக்கு உள்ளூர உவப்பாகவே இருக்கிறது.

லிப்மன் காட்டிய நோயை டூயி மறுக்கவில்லை. அவர் சொன்ன மருந்தை மறுத்தார். 1927இல் வெளிவந்த ‘பொதுமக்களும் அவர்களின் சிக்கல்களும்’ என்ற நூலில், செருப்பைச் சீர்செய்யும் வித்தை தைப்பவருக்குத் தெரிந்தாலும், அது எங்கே கடிக்கிறது என்று அணிந்தவருக்கே தெரியும் என்ற உவமையைக் கையாண்டார். வல்லுநர்கள் தேவை. ஆனால், கடிக்கும் இடத்தைச் சொல்ல வழியில்லாத மக்களின் நடுவே, வல்லுநர் குழு எவ்வளவு கற்றதாயினும், நாளடைவில் தன் நலன் மட்டும் அறிந்த தனிச்சாதியாக ஒதுங்கிவிடும். வாக்குப்பதிவு ஜனநாயகத்தின் ஓர் உறுப்பு மட்டுமே. ஒருவர் அனுபவம் மற்றவரை எட்டும்படி, கூடிவாழும் முறையே ஜனநாயகம் என்று 1916இல் ‘ஜனநாயகமும் கல்வியும்’ நூலில் அவர் விளக்கியிருந்தார்.

அந்த நூல் வெளிவந்த ஆண்டிலேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டூயியின் வகுப்புகளில் அமர்ந்திருந்த ஓர் இந்திய மாணவர் நியூயார்க்கைவிட்டுப் புறப்பட்டார். 1913 முதல் 1916 வரை அங்கே பயின்ற அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிட்டார். விதிக்கும் நெறிக்கும் இடையிலான வேறுபாடு அந்த உரையில் அனல்பறக்கும் ஆயுதமாக மாறியது. மதம் என்று இந்துக்கள் அழைப்பது உண்மையில் கட்டளைகளின் தொகுப்பே, நெறிகளைக் கொண்ட மதம் அன்று என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. குழுக்களுக்கு இடையே தடையற்ற கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் ஜனநாயகம் இல்லை என்ற டூயியின் கருத்தும், சாதியை அளக்கும் கோலாக அங்கே வந்து நின்றது.

ஆனால், மாணவர் ஆசிரியரை வெறுமனே எதிரொலிக்கவில்லை. கூடி உரையாடினால் பகை தீரும் என்ற நம்பிக்கை டூயியிடம் ஓங்கியிருந்தது. உரையாடல் நடக்கும் திண்ணையில் ஏறவே விடப்படாதவர்களின் கதி என்ன என்பது அம்பேத்கரின் கேள்வி. அதனால்தான் அவர் சட்டத்தின் காவலையும் பிரதிநிதித்துவத்தையும் கோரினார். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட ஒரு முரண்பாட்டுக்குள் நாடு நுழையப்போகிறது என்று எச்சரித்ததும் அதே சிந்தனையின் தொடர்ச்சி. 1952 ஜூன் 1 அன்று டூயி மறைந்தார். அதே வாரத்தில்தான், கௌரவ முனைவர் பட்டம் பெற அம்பேத்கர் கொலம்பியாவுக்கு வந்திருந்தார்.

தத்துவம் சறுக்கிய இடம்

நடைமுறைவாதத்தைத் தன் அளவுகோலாலேயே அளக்க வேண்டும். அதன் விளைவுகளைப் பார்க்க வேண்டும். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதை டூயி ஆதரித்தார். போரை ஒரு கருவியாக்கி ஜனநாயக உலகைச் சமைக்கலாம் என்று நம்பினார். அவருடைய மாணவரான ராண்டால்ஃப் போர்ன் வெகுண்டெழுந்தார். வழிவகைகளில் தேர்ந்த இத்தத்துவம், எந்த இலக்குக்காக என்று கேட்க மறந்துவிட்டது; கருவியாக எண்ணிய போர் தன்னைக் கையாண்டவர்களையே கருவியாக்கிவிடும் என்று எழுதினார். 1918 டிசம்பரில், 32 வயதில் போர்ன் இறந்தார். அடுத்து வந்த வர்செய் உடன்படிக்கை அவர் அச்சத்தையே மெய்ப்பித்தது. பின்னாளில் டூயி, போரையே சட்டவிரோதமாக்கும் இயக்கத்தின் பக்கம் நின்றார்.

இந்த நிகழ்வை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்னின் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘பயன் தருவது எது’ என்று மட்டும் கேட்டு, ‘யாருக்கு, எதற்காக’ என்று கேட்காதவரிடம் இத்தத்துவம் வெறும் நிர்வாக உத்தியாகச் சுருங்கிவிடும். வேறு வகையில் பார்த்தால், தவறிய ஆசிரியரை மாணவர் திருத்தினார். ஆசிரியரும் தம் நிலையை மாற்றிக்கொண்டார். பிழை வெளிப்படும் வழியை அடைக்காதே என்று பியர்ஸ் கேட்டதும் இதைத்தான்.

அந்தப் பிற்பகலில் அமர்ந்துவிட்ட மாணவனிடம் திரும்புகிறேன். “பாடநூலில் இருக்கிறது” என்பதற்கு மாற்றாக நான் சொல்லியிருக்க வேண்டியது, “யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது” என்பதும் அன்று. அது சோம்பலின் மற்றொரு வடிவம். “இது தவறாக இருந்தால் எங்கே எப்படித் தெரியவரும் என்று முதலில் யோசிப்போம், வா” என்று அவனைக் கரும்பலகை அருகே அழைத்திருக்க வேண்டும். அடுத்த பாடம் ஒருநாள் தள்ளிப்போயிருக்கும். அந்த ஒருநாளைத் தர மனமில்லாத வகுப்பறைகள்தாம், “எதற்காக?” என்று கேட்கத் தெரியாத வாக்காளர்களையும், “விதியில் இடமில்லை” என்று சொல்லிச் சாளரத்தை மூடும் அலுவலர்களையும் உருவாக்குகின்றன. அப்படிப்பட்ட ஒரு வகுப்பறையில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால்தான், நடைமுறைவாதம் என்ற சொல்லை இன்று யாராவது தம் சமரசத்துக்குத் துணையாக இழுக்கும்போது என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.